புது எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு மாறும்போது ட்ரிம் டூல்கள்: நம்ம கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் டவுனில் தொடங்கி கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், தங்கச்சிமடம், அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் கல்யாணம், நிக்காஹ், சர்ச் திருவிழா, கடலுக்குப் போய் எடுக்கிற மீன்பிடி வீடியோ என்று எடிட் பண்ணுகிறவர்கள் கொஞ்ச காலமாக ஒரே விஷயத்தைத்தான் விதவிதமாகக் கேட்கிறார்கள். பழகின சாஃப்ட்வேரை விட்டுப் புதுசுக்கு மாறினால் கை ஓட மாட்டேன் என்கிறது, அதிலும் ட்ரிம் பண்ணுகிற இடத்தில், அதாவது கிளிப் என்கிற வீடியோத் துண்டின் ஓரத்தை இழுத்து நீட்டுகிற, குறைக்கிற இடத்தில் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். முக்கால்வாசிப் பேர் பிரீமியர் புரோவிலிருந்து டாவின்சி ரிசால்வுக்குத்தான் மாறுகிறார்கள், அதன் இலவசப் பதிப்பிலேயே நிறைய வேலை முடிந்துவிடும் என்பதால். அதனால் இந்த இரண்டை வைத்தே பேசுகிறேன். சொல்லியிருக்கும் கீ எல்லாம் விண்டோஸ் கீபோர்டில், சாஃப்ட்வேர் வரும்போதே இருக்கிற அமைப்பில் உள்ளவை.

அண்ணே, எனக்குக் கட் பண்ணத் தெரியும், வேண்டாததை அழிக்கத் தெரியும். அது போதாதா? ட்ரிம்முக்கு மட்டும் ஏன் இத்தனை டூல்?

வேலை நடக்கும், ஆனால் கட் பண்ணி, அழித்து, இடைவெளியை இழுத்து மூடி, பாட்டு நகர்ந்துவிட்டதா என்று பார்த்து, மறுபடி இழுத்து என்று ஒரு ட்ரிம்முக்கு நாலு வேலை செய்துகொண்டிருப்பீர்கள். ஒரு கல்யாண வீடியோவில் எத்தனை நூறு கட் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் ட்ரிம் டூல் ஒவ்வொன்றும் ஒரே கேள்விக்கான பதில்தான்: இந்த ஓரத்தை நான் நகர்த்தினால் கூட வேறு எது நகர வேண்டும், எது அசையாமல் நிற்க வேண்டும்? இதை மனசில் வைத்துக்கொண்டால் எந்த சாஃப்ட்வேருக்குப் போனாலும் பயம் இல்லை. பட்டனின் இடமும் கீயும்தான் மாறும், வேலை மாறாது.

ரிப்பிள் என்றால் நீங்கள் குறைத்த அளவுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் நகர்ந்து வரும், ரேஷன் கடை வரிசையில் ஒருத்தர் விலகினால் பின்னால் நிற்பவர்கள் நகர்கிற மாதிரி. மொத்த வீடியோவின் நீளமும் குறையும். ரோல் என்றால் இரண்டு கிளிப்புக்கு நடுவில் இருக்கிற எல்லை மட்டும் நகரும். ஒன்று வளர்ந்த அளவுக்கு மற்றது குறையும், மொத்த நீளம் அப்படியே இருக்கும். ஸ்லிப்பில் கிளிப் இருக்கிற இடமும் நீளமும் மாறாது, உள்ளே தெரிகிற பகுதி மட்டும் மாறும். ஸ்லைடில் கிளிப் முழுசாக இடம் மாறும், அதன் உள்ளே எதுவும் மாறாது, அக்கம்பக்கத்துக் கிளிப்புகள் கூடிக் குறைந்து இடம் கொடுக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பாம்பன் புது ரயில் பாலத்தை வைத்து ரீல் பண்ணாதவர் நம்ம பக்கம் கிடையாது. 1914இல் வந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது, 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே நேராக மேலே ஏறும். அது ஏறி முடிக்க நிமிடக் கணக்கில் ஆகும், நீங்களும் முழுசாக எடுத்து வைத்திருப்பீர்கள். ரீலில் அதற்குக் கிடைப்பது நாலு செகண்டு. முன்னால் ஒரு கடல் ஷாட், பின்னால் கப்பல் கடக்கிற ஷாட், அடியில் பாட்டு, பீட்டுக்குச் சரியாக வெட்டியாயிற்று. இப்போது பார்த்தால், துண்டு அசையத் தொடங்கும் முன்பே ஷாட் முடிந்துவிடுகிறது. கட் பண்ணி அழித்து ஒட்டுகிறவர் இந்த இடத்தில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலில் இருந்து தொடங்குவார். ஸ்லிப் தெரிந்தவர் அந்தக் கிளிப்பின் மேலேயே வைத்து இழுத்து, துண்டு மேலே கிளம்புகிற நொடியை அந்த நாலு செகண்டுக்குள் கொண்டு வந்துவிடுவார். பீட் தப்பாது, பக்கத்து ஷாட் எதுவும் அசையாது.

இழுக்கும்போது மானிட்டரில் நாலு படம் தெரியும். அதில் இரண்டு உங்கள் கிளிப்பின் முதல் பிரேமும் (பிரேம் என்றால் வீடியோவில் ஒரு தனிப் படம்) கடைசி பிரேமும், மற்ற இரண்டு முன்னால் முடிகிற பிரேமும் பின்னால் தொடங்குகிற பிரேமும். பிரீமியர், ரிசால்வ் இரண்டிலும் இது உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. டைம்லைனை (கிளிப்புகளை வரிசையாக அடுக்குகிற பகுதியை) பார்க்காமல் அந்த நாலு படத்தைப் பார்த்து ஸ்லிப் பண்ணிப் பழகுங்கள்.

பழைய கீயை அழுத்தினால் என்னென்னமோ நடக்கிறது. சாஃப்ட்வேரில் கோளாறா?

கோளாறு இல்லை. ஒரே எழுத்து இரண்டு சாஃப்ட்வேரிலும் வேறு வேறு வேலை செய்கிறது. பிரீமியரில் ‘பி’ (B) ரிப்பிள் டூல், ரிசால்வில் அதே ‘பி’ பிளேடு, அதாவது வெட்டுகிற டூல். ரிப்பிள் பண்ணப் போகிறோம் என்று நினைத்து ஓரத்தைக் கிளிக் பண்ணினால் கிளிப் இரண்டாக வெட்டுப்படும், அதுவும் ஒரு பிரேம் துண்டாக வெட்டுப்பட்டால் கண்ணுக்கே தெரியாது, பிறகு பெரிய துண்டை மட்டும் நகர்த்தினாலோ அழித்தாலோ அந்த ஒரு பிரேம் அங்கேயே நின்றுவிடும், எக்ஸ்போர்ட் பண்ணி டிவியில் போட்டுப் பார்க்கும்போதுதான் சின்னதாக ஒரு வெட்டு வெட்டும். பிரீமியரில் ‘என்’ அழுத்தினால் ரோல் டூல் வரும், ரிசால்வில் ஸ்னாப் (கிளிப்புகள் தானாக ஒட்டிக்கொள்கிற வசதி) ஆனாகி ஆஃபாகும். கிளிப்புகள் ஒன்றோடொன்று ஒட்ட மாட்டேன் என்கின்றன என்று யாராவது போன் பண்ணினால் நான் முதலில் கேட்பதே ‘என்’ அழுத்தினீர்களா என்றுதான். பிரீமியரில் ‘வி’ சாதாரண அம்புக்குறி, ரிசால்வில் அதற்கு ‘ஏ’. ‘வி’ அழுத்தினால் பக்கத்தில் இருக்கிற எடிட் பாயின்ட்டை, அதாவது இரண்டு கிளிப் சேரும் இடத்தை, பிடித்துக்கொள்ளும்.

ரிசால்வில் ட்ரிம் டூல் என்பது ஒன்றுதான், ‘டி’ (T) அழுத்தினால் வரும். ரிப்பிள், ரோல், ஸ்லிப், ஸ்லைடு நாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. மவுஸை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறிக்கொள்ளும். ஓரத்தில் வைத்தால் ரிப்பிள், இரண்டு கிளிப் சேரும் இடத்தில் நட்ட நடுவில் வைத்தால் ரோல், கிளிப்பின் நடுவில் மேல்பாதியில் வைத்தால் ஸ்லிப், கீழே பெயர் தெரிகிற பட்டையில் வைத்தால் ஸ்லைடு. அதனால் இழுப்பதற்கு முன்னால் மவுஸ் குறி என்ன உருவத்தில் இருக்கிறது என்று ஒரு கணம் பாருங்கள். டிராக்கை (கிளிப்புகள் உட்காருகிற வரிசையை) கொஞ்சம் உயரமாக வைத்துக்கொண்டால் இந்த இடங்கள் சுலபமாகப் பிடிபடும். ஒல்லியாக வைத்திருந்தால் ஸ்லிப்பும் ஸ்லைடும் மாறி மாறி வந்து கடுப்பாகும்.

டெலீட்டையும் கவனியுங்கள். பிரீமியரில் டெலீட் அழுத்தினால் இடைவெளி விட்டு அழியும், ஷிஃப்ட்டோடு சேர்த்தால்தான் ரிப்பிள். ரிசால்வில் பேக்ஸ்பேஸ் இடைவெளி விடும், டெலீட் நேராக ரிப்பிள் பண்ணிவிடும்.

ரிசால்விலேயே பிரீமியர் கீபோர்டு செட் பண்ணலாமாமே?

பண்ணலாம். கீபோர்டு கஸ்டமைசேஷன் என்ற பகுதியில் பிரீமியர், ஃபைனல் கட், அவிட் ஆகிய எடிட்டிங் சாஃப்ட்வேர்களின் பழக்கத்துக்கு ஏற்ற செட் தயாராகவே இருக்கிறது. கையில் அவசர வேலை இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு முடித்துக் கொடுங்கள்.

ஆனால் அதிலேயே தங்கிவிட வேண்டாம் என்பது என் கட்சி. யூடியூபில் யார் ரிசால்வ் சொல்லிக் கொடுத்தாலும் அதன் சொந்தக் கீயை வைத்துத்தான் சொல்லுவார்கள், இன்னொரு ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தாலும் அதுதான் இருக்கும். கைக்கு எட்டாத ஒன்றிரண்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பிரீமியரில் ‘க்யூ’வும் ‘டபிள்யூ’வும் அழுத்திப் பழகியவர்களுக்கு அது தெரியும்: பிளேஹெட் (டைம்லைனில் இப்போது ஓடுகிற இடத்தைக் காட்டுகிற கோடு) நிற்கிற இடம் வரைக்கும் முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ ஒரே தட்டில் தூக்கி, இடைவெளியையும் மூடிவிடும். ரிசால்வில் அதே வேலைக்குக் கன்ட்ரோல், ஷிஃப்ட், கூடவே சதுர அடைப்புக்குறி கீ. திறக்கும் குறி முன்பக்கத்துக்கு, மூடும் குறி பின்பக்கத்துக்கு. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை மூன்று கீ சேர்த்து அழுத்தினால் விரல் வலிக்கும், இதை மட்டும் உங்களுக்கு வசதியான ஒற்றைக் கீக்கு மாற்றிவிடுங்கள்.

ரிப்பிள் பண்ணினேன், பாட்டு எல்லாம் நகர்ந்து போச்சு. கெட்டிமேளம் ஒரு பக்கம், தாலி கட்டுறது ஒரு பக்கம்.

மாறுகிற எல்லோரும் மாட்டுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கல்யாண டைம்லைனில் இரண்டு ஜாதி ஆடியோ இருக்கும். மண்டபத்தில் கேமராவோடு பதிவான நாதஸ்வரம், தவில், ஐயர் குரல் எல்லாம் படத்தோடு பிறந்தது. படம் நகர்ந்தால் அதுவும் நகர வேண்டும். நீங்கள் பின்னால் போட்ட பாட்டு அப்படி இல்லை. அதன் பீட்டுக்கு ஏற்றபடிதான் படத்தை வெட்டியிருக்கிறீர்கள், அதனால் பாட்டு நிற்க வேண்டும், படம்தான் அதற்குள் சரிசெய்துகொள்ள வேண்டும். ரிப்பிள் அடிக்கும்போது எந்த டிராக் கூட வர வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சாஃப்ட்வேருக்குச் சொல்ல வேண்டும், அதற்கு உங்கள் வீட்டுக் கல்யாணம் தெரியாது.

பிரீமியரில் இதற்கு ஒவ்வொரு டிராக்கின் தலையிலும் சிங்க் லாக் இருக்கும். ரிசால்வில் அந்த இடத்தில் ஆட்டோ செலக்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. ஆன் ஆக இருக்கிற டிராக்குகள் ரிப்பிளோடு சேர்ந்து நகரும், ஆஃப் பண்ணினது நிற்கும். பாட்டு டிராக்குக்கு அதை ஆஃப் பண்ணுங்கள், இன்னும் பாதுகாப்பு வேண்டும் என்றால் பூட்டுப் படத்தை அழுத்தி டிராக்கையே பூட்டிவிடுங்கள். மண்டப ஆடியோ டிராக்குகள் ஆனில் இருக்கட்டும். சரி, இருந்தும் தப்பிவிட்டதா? கேமரா படமும் அதன் சொந்த ஆடியோவும் பிரிந்துபோனால் கிளிப் மேலேயே சிவப்பில் எத்தனை பிரேம் விலகியிருக்கிறது என்ற எண் தெரியும். அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்த உடனே அன்டூ பண்ணுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்கு மேல் செய்த அரை மணி நேர வேலையும் சேர்ந்து கெடும்.

பீட்டுக்கு வெட்டிய பாட்டுப் பகுதிக்குள் நுழைந்துவிட்டால் ரிப்பிளை மறந்துவிடுங்கள் என்றே சொல்வேன். அங்கே ரோல், ஸ்லிப், ஸ்லைடு மூன்றும் போதும், ஏனென்றால் மூன்றுமே மொத்த நீளத்தை மாற்றாது.

ஓரத்தை இழுத்தால் ஒரு இடத்துக்கு மேல் போக மாட்டேன் என்கிறது.

அதற்கு மேல் அந்த கிளிப்பில் படம் இல்லை. நீங்கள் டைம்லைனில் போட்டிருப்பதற்கு முன்னும் பின்னும் மிச்சம் இருக்கிற படத்துக்கு ஹேண்டில் என்று பெயர், ட்ரிம் என்பதே அந்த மிச்சத்தை வைத்துத்தான் நடக்கிறது. எனவே இது கேமரா பிடிக்கிறவர்களுக்கான பாடமும்கூட: ரெக்கார்டு அழுத்தி இரண்டு மூன்று செகண்டு சும்மா நில்லுங்கள், முடிந்த பிறகும் அப்படியே இரண்டு மூன்று செகண்டு விட்டு நிறுத்துங்கள். வலை இழுக்கும்போது மீன் தெரிந்த உடனே ஆன் பண்ணி, வள்ளத்துக்குள் கொட்டிய உடனே ஆஃப் பண்ணினால் எடிட்டரால் ஒன்றும் பண்ண முடியாது. இரண்டு கிளிப்புக்கு நடுவில் டிசால்வ் (ஒன்று மங்க மற்றது தெளிந்து வருவது) போடவும் இந்த மிச்சம்தான் வேண்டும்.

ரிசால்வில் ஓரம் சிவப்பாகத் தெரிகிறதே, ரோல் மோடில் இருக்கிறேனா?

இல்லை. பிரீமியரில் ரிப்பிளுக்கு மஞ்சள், ரோலுக்குச் சிவப்பு. ரிசால்வில் பிடித்திருக்கிற ஓரம் பச்சையாக இருந்தால் இன்னும் இழுக்க மிச்சம் இருக்கிறது, சிவப்பாக இருந்தால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கடற்கரையில் எடுத்த பேட்டி எல்லாம் காத்து இரைச்சல். இதற்கு ட்ரிம்மில் ஏதாவது வழி இருக்கிறதா?

இரைச்சலை ட்ரிம் போக்காது. மைக்குக்குப் பஞ்சு உறையோ ரோம உறையோ மாட்டாமல் கச்சான் காற்றிலோ வாடைக் காற்றிலோ நின்று பேட்டி எடுத்தால் எந்த சாஃப்ட்வேராலும் முழுசாக மீட்க முடியாது. ஆனால் காதுக்கு உறுத்தாமல் பண்ண வழி உண்டு. படத்தையும் ஆடியோவையும் ஒரே இடத்தில் வெட்டினால், காற்று இரைச்சல் பட்டென்று தொடங்கி பட்டென்று நிற்கும், அதனால்தான் வெட்டு அப்பட்டமாகக் கேட்கிறது. மண்டபம் பக்கம் பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருத்தரின் பேட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் வருவதற்கு ஒரு செகண்டு முன்னாலேயே, தண்ணீரில் பாசி அள்ளுகிற ஷாட் ஓடும்போதே அவர் குரல் தொடங்கட்டும். இதற்கு ஜே கட் என்று பெயர். முகம் போன பிறகும் குரல் நீண்டால் அது எல் கட். ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஓரத்தைத் தொட்டால் படம் மட்டுமோ ஆடியோ மட்டுமோ தனியாகப் பிடிபடும், பிரீமியரிலும் ரிசால்விலும் இதே ஆல்ட்தான். அதை ரோல் பண்ணினால் வேறு எதுவும் நகராது. ஆடியோ ஓரத்தில் சின்னதாக ஒரு ஃபேடு கொடுங்கள். இரைச்சல் அலையோடு அலையாகக் கலந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கரையில் ஏலம் விடுகிற குரலை முதலில் கேட்க வைத்துவிட்டுப் பிறகு கூடையைக் காட்டுவதும், கூடையைக் காட்டிவிட்டுக் குரலைக் கேட்க வைப்பதும் ஒன்றில்லை. முதலாவதில் பார்க்கிறவர் ஏலத்துக்குள்ளேயே வந்து நிற்பார். ட்ரிம் டூல் படிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

மவுஸா கீபோர்டா?

சும்மா பிடிக்க மவுஸ், நுணுக்கத்துக்குக் கீபோர்டு. ரிசால்வில் ‘வி’ அழுத்தி எடிட் பாயின்ட்டைப் பிடித்து, ‘யு’ அழுத்தி ரோலா, எந்தப் பக்கம் ரிப்பிளா என்று மாற்றி, கமாவும் முற்றுப்புள்ளியும் அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். ஷிஃப்ட்டோடு அழுத்தினால் ஐந்து ஐந்தாக. பிரீமியரில் இதற்குக் கன்ட்ரோலும் அம்புக்குறிகளும். 25 பிரேம் வீடியோவில் ஒரு பிரேம் என்பது ஒரு செகண்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, தவில் அடிக்கு வெட்டும்போது அந்த ஒரு பங்கு முன்னே பின்னே போனாலே தெரியும்.

‘ஜே’, ‘கே’, ‘எல்’ மூன்றும் எல்லா சாஃப்ட்வேரிலும் ஒன்றே: பின்னால் ஓட, நிற்க, முன்னால் ஓட. ரிசால்வில் ‘டபிள்யூ’ அழுத்தி டைனமிக் ட்ரிம்மைப் போட்டுவிட்டு இதே கீகளை அழுத்தினால் வீடியோ ஓட ஓட ஓரமும் கூடவே நகரும். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, சரி என்று பட்ட இடத்தில் நிறுத்திவிடலாம். பேச்சு வெட்டுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ரிசால்வில் கட் பேஜ், எடிட் பேஜ் என்று இரண்டு இருக்கிறதே, எதில் பண்ணணும்?

பிரீமியரிலிருந்து வருகிறவர்கள் எடிட் பேஜ். 2019இல் ரிசால்வ் 16ஓடு வந்த கட் பேஜ் சின்ன வீடியோவுக்கும் ரீலுக்கும் வேகமாக இருக்கும், பிறகு பழகிக்கொள்ளலாம்.

போனில் எடுத்ததை ட்ரிம் பண்ணினால் உதட்டுக்கும் குரலுக்கும் பொருந்தவில்லை.

ட்ரிம் மேல் தப்பில்லை. போன்கள் பல நேரம் பிரேம் ரேட்டை (செகண்டுக்கு எத்தனை பிரேம் என்பதை) ஒரே சீராக வைக்காமல் கூட்டிக் குறைத்துப் பதிவு பண்ணும், அதுதான் போகப் போக விலகுகிறது. ஹேண்ட்பிரேக் மாதிரி ஏதாவது ஒரு கன்வெர்ட்டர் சாஃப்ட்வேரில் சீரான பிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு அப்புறம் உள்ளே கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, ரிசால்வில் ப்ராஜெக்ட்டின் பிரேம் ரேட்டைக் கிளிப் எதுவும் உள்ளே போடும் முன்பே முடிவு பண்ண வேண்டும், பிறகு மாற்ற விடாது. நீங்கள் எதையும் தொடாவிட்டால் 24இல் இருக்கும். கேமராவில் 25இல் எடுத்திருந்தால் முதல் வேலையாக 25 ஆக்குங்கள்.

கூட்டாளி மேக் வாங்கிவிட்டான், ஃபைனல் கட் வைத்திருக்கிறான். அதிலும் இதே டூல்தானா?

வேலை இதேதான், ஆனால் அடிப்படையே தலைகீழ். 2011இல் வந்த புது ஃபைனல் கட்டிலிருந்து டைம்லைன் காந்தம் மாதிரி இழுத்து ஒட்டிக்கொள்ளும், முதன்மை வரிசையில் எதைக் குறைத்தாலும் தானாகவே ரிப்பிள்தான். இடைவெளி வேண்டும் என்றால் ‘பி’ (இது P) அழுத்திப் பொசிஷன் டூலுக்குப் போக வேண்டும். பிரீமியர்க்காரர்கள் முதலில் அதனோடு மல்லுக்கட்டுவார்கள். மல்லுக்கட்டாமல், அது இழுக்கிற பக்கமே போய்ப் பழகினால் மிக வேகமான சாஃப்ட்வேர்.

எப்போது மாறுவது நல்லது? கையில் ஆர்டர் இருக்கிறதே.

ஓடிக்கொண்டிருக்கிற ஆர்டரைப் பாதியில் மாற்றாதீர்கள், தொடங்கின சாஃப்ட்வேரிலேயே முடித்துக் கொடுங்கள். முகூர்த்த வீடியோ பண்ணுகிறவர்களுக்கு ஆடி மாதம் இருக்கவே இருக்கிறது. நிக்காஹ் அதிகம் பண்ணுகிற கீழக்கரை, தொண்டிப் பக்கத்தவர்களுக்கு நோன்பு மாதத்தில் கை காலியாக இருக்கும். கடல் வீடியோ பண்ணுகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், 61 நாள், புதுசாக எடுக்க அதிகம் கிடைக்காத நேரம்.

பழகுவதற்குப் பெரிய ப்ராஜெக்ட் வேண்டாம். ஏற்கனவே பழைய சாஃப்ட்வேரில் முடித்துக் கொடுத்த ஏதாவது ஒரு இரண்டு நிமிட ஹைலைட்ஸை எடுத்து, அதே கிளிப், அதே பாட்டு வைத்துப் புதுசில் திரும்பக் கட்டுங்கள். என்ன வர வேண்டும் என்பது முன்பே தெரியும் என்பதால் மூளை முழுக்க டூல் மேலேயே இருக்கும். ஒரு நாள் பிளேடைத் தொடாமல் ட்ரிம் மட்டும் வைத்துப் பண்ணிப் பாருங்கள்.

பிரீமியரில் பாதி செய்த பழைய ப்ராஜெக்ட்டை ரிசால்வுக்குக் கொண்டு போக முடியுமா?

பிரீமியரில் ஃபைனல் கட் எக்ஸ்எம்எல் என்ற கோப்பாக எக்ஸ்போர்ட் பண்ணி ரிசால்வில் இம்போர்ட் பண்ணலாம். வெட்டின இடங்கள் வந்துவிடும், ஹேண்டிலும் இருக்கும், அதனால் தொடர்ந்து ட்ரிம் பண்ணலாம். டைட்டில், எஃபெக்ட் பெரும்பாலும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அனுப்பும் முன்னால் பிரீமியரிலிருந்து முழு வீடியோவை ஒரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். ரிசால்வில் அதை மேல் டிராக்கில் போட்டு, பாதி தெரிகிற மாதிரி வைத்து ஓட்டிப் பார்த்தால் எந்த கட் எத்தனை பிரேம் தள்ளிப் போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சரிபார்த்த பிறகு அந்த டிராக்கை மறக்காமல் அழித்துவிடுங்கள்.